ஓரமாகப் போனால் பாதுகாப்பா? சைக்கிளில் வேலைக்குப் போகும் ஒரு வாசகிக்கு மருத்துவரின் பதில்

கடிதம் எழுதியவருக்கு வயது 41. பெருநகரத்தில் வசிக்கிறார், வீட்டிலிருந்து அலுவலகம் 9 கிலோமீட்டர். எட்டு மாதங்களுக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு) 6.1 என்று வந்திருக்கிறது. "சர்க்கரை நோயின் வாசலில் நிற்கிறீர்கள், உடம்பை அசையுங்கள்" என்று அவருடைய மருத்துவர் சொல்ல, சைக்கிள் வாங்கினார். வாரத்தில் ஐந்து நாள் போய் வருகிறார், ஒரு வழிக்கு 35 நிமிடம். 4 கிலோ எடை குறைந்திருக்கிறது.

இடையில் மூன்று சம்பவங்கள். சிக்னலில் ஒரு லாரியை ஒட்டி ஓரமாக நின்றிருந்தபோது, பச்சை விழுந்ததும் லாரி அவர் இருந்த பக்கமே திரும்பியது. சைக்கிளை விட்டுவிட்டு நடைபாதையில் ஏறித் தப்பினார். இன்னொரு நாள், நின்றிருந்த காரின் கதவு சட்டென்று திறந்து, கையுறையை உரசிப் போனது. மூன்று வாரங்களுக்கு முன் மழையில், சாலை நடுவே இருந்த இரும்பு மூடியின் மேல் பிரேக் பிடித்ததில் வழுக்கி விழுந்தார். ஹெல்மெட்டில் முடியளவு விரிசல். அதைத்தான் இன்றும் அணிகிறார். கணவர், "போதும், வீட்டுக்குள் வைத்து மிதிக்கும் சைக்கிள் வாங்கித் தருகிறேன்" என்கிறார். அலுவலகத்தில் ஒருவர், எதிர்த்திசையில் ஓட்டினால் வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும் என்று யோசனை சொல்லியிருக்கிறார். "ஓரத்தை விட்டு நான் விலகுவதே இல்லை, அப்படியும் ஏன் இப்படி நடக்கிறது? நிறுத்திவிடவா? வழியில் சுவாசிக்கிற வண்டிப் புகைக்கு இந்த உடற்பயிற்சி ஈடாகுமா?" இவை அவருடைய கேள்விகள். கடிதத்தின் கடைசி வரி: "விழுந்தபோது கை ஊன்றினேன். அன்றே எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. கட்டைவிரலுக்குக் கீழே இன்னும் லேசாக வலிக்கிறது, களிம்பு போடுகிறேன்."

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசி வரியிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். மற்றவை ஒரு வாரம் பொறுக்கும், இது பொறுக்காது.

கட்டைவிரலை மேல்நோக்கி நன்றாக நிமிர்த்துங்கள். அதன் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில், இரண்டு தசைநாண்கள் கயிறு போலப் புடைத்து நிற்கும். அவற்றுக்கு நடுவே ஒரு சிறு பள்ளம் தெரியும். மற்ற கையின் சுட்டுவிரல் நுனியால் அந்தப் பள்ளத்தை அழுத்துங்கள். அடிபடாத கையிலும் அதே போல அழுத்திப் பாருங்கள். அடிபட்ட கையில் மட்டும் சுருக்கென்று வலித்தால், ஸ்கேஃபாய்டு என்ற படகு வடிவச் சின்ன எலும்பில் முறிவு இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். கை ஊன்றி விழுகிறவர்களுக்கு அடிக்கடி முறிகிற எலும்பு இது. முறிவுக்கோடு மிக மெல்லியதாக இருப்பதால் அன்றே எடுக்கும் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது உண்டு. 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி எடுத்தால்தான் பலருக்குத் தெரியும். அதிலும் தெளிவில்லை என்றால் எம்ஆர்ஐ எடுப்பார்கள்.

இவ்வளவு சின்ன எலும்புக்கு ஏன் இத்தனை கவலை என்றால், இதற்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்து முனையிலிருந்துதான் வருகிறது. நடுவில் முறிந்துவிட்டால் முழங்கை பக்கத்துத் துண்டுக்கு ரத்தம் குறைந்து, எலும்பு கூடாமலே போகலாம். சில ஆண்டுகளில் மணிக்கட்டு மூட்டே தேய்ந்துவிடும். நேரத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் சில வாரங்கள் கட்டுப் போட்டாலே சரியாகிவிடும். உங்களுக்கு மூன்று வாரம் ஆகிவிட்டது. இந்த வாரமே எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். களிம்பு வலியை மறைக்கும், எலும்பைக் கூட்டாது. காட்டி முடிக்கும்வரை சைக்கிளைத் தொட வேண்டாம். அந்த மணிக்கட்டோடு அவசரத்தில் பிரேக்கை இறுக்கிப் பிடிக்க உங்களால் முடியாது.

அடுத்து அந்த ஹெல்மெட். அதை இன்றே ஒதுக்கிவிடுங்கள். உள்ளே இருக்கும் வெள்ளை ஃபோம் நசுங்குவதன் மூலம்தான் அடியின் வேகத்தை வாங்குகிறது. ஒருமுறை நசுங்கிய இடம் பழையபடி எழும்பாது. வெளி ஓட்டில் முடியளவு விரிசல் தெரிகிறது என்றால் உள்ளே அதைவிட அதிகம் நசுங்கியிருக்கலாம். புதிதாக வாங்கும்போது உள்பக்கச் சீட்டில் இஎன் 1078, சிபிஎஸ்சி போன்ற தரக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் நெற்றியை மூடி உட்கார வேண்டும். இரு பக்கப் பட்டைகளும் காதுக்குக் கீழே கூட வேண்டும். தாடைப் பட்டைக்குள் ஒரு விரலுக்கு மேல் நுழையக் கூடாது. பலர் தொப்பி மாதிரிப் பின்னால் தள்ளிப் போடுகிறார்கள். முன்னால் விழுந்தால் நெற்றிக்கு அதில் பாதுகாப்பே இல்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஹெல்மெட்டுகளைச் சோதிக்கும்போது ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் உயரத்திலிருந்துதான் விழவைக்கிறார்கள். நீங்களாக விழுவதற்கான கவசம் அது. 2016இல் 40 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஹெல்மெட் அணிந்தவர்களுக்குக் கடுமையான தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பு 69 விழுக்காடு குறைந்திருந்தது. அதனால் கட்டாயம் அணியுங்கள். ஆனால் லாரிச் சக்கரத்திலிருந்து அது யாரையும் காப்பாற்றாது. அங்கே உங்களைக் காப்பது நீங்கள் சாலையில் எந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்பதுதான்.

நிறுத்துவதா, தொடர்வதா?

உங்கள் கணவரின் பயத்தில் நியாயம் இருக்கிறது. பிரிட்டனில் வேலைக்குப் போய் வரும் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் கவனித்த ஓர் ஆய்வு 2020இல் வெளியானது. அதன் கணக்குப்படி, 1000 பேர் 10 ஆண்டுகள் சைக்கிளுக்கு மாறினால், காயத்துக்காக மருத்துவமனையில் சேர்பவர்கள் 26 பேர் கூடுவார்கள். அதில் 3 பேர் ஒரு வாரமோ அதற்கு மேலோ தங்க வேண்டிவரும். அதே 1000 பேரில் புற்றுநோய் வருபவர்கள் 15 பேரும், இதய, ரத்தநாள நோய் வருபவர்கள் 4 பேரும், இறப்பவர்கள் 3 பேரும் குறைவார்கள். சாலைகள் ஊருக்கு ஊர் வேறு. இந்த எண்கள் அப்படியே உங்களுக்குப் பொருந்தாது. கணக்கின் வடிவம் பொருந்தும்: காயம் கூடும், உயிர்க்கொல்லி நோய்கள் குறையும். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நீங்கள் 350 நிமிடம் மிதிக்கிறீர்கள். 6.1இல் நிற்கும் ஒருவருக்கு இது மாத்திரைக்கு நிகரான மருத்துவம். அதை விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வீட்டுக்குள் மிதிக்கும் சைக்கிளையும் மறுக்காதீர்கள். கனமழை நாளுக்கும், புகை மண்டும் நாளுக்கும், கைக்கட்டோடு இருக்கப்போகும் வாரங்களுக்கும் அது உதவும். தினமும் 70 நிமிடம் சுவரைப் பார்த்து மிதிப்பவர்கள் குறைவு என்பதுதான் அதன் சிக்கல். வேலைக்குப் போகிற சைக்கிள் எப்படியும் போய்த்தான் ஆக வேண்டும், அதனால் பழக்கம் நிற்கிறது.

புகையைப் பற்றிய உங்கள் கணக்கும் கொஞ்சம் பிசகு. காற்றில் பிஎம் 2.5 நுண்துகள் கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம் இருக்கும் ஊரில்கூட, நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் சைக்கிள் ஓட்டினால்தான் தீமை நன்மையை மிஞ்சும் என்று 2016இல் செய்த ஒரு கணிப்பு காட்டியது. நீங்கள் ஓட்டுவது அதற்குக் குறைவு. உங்கள் ஊரில் அந்த அளவு 100ஐத் தாண்டும் நாளில் வீட்டுச் சைக்கிளை மிதியுங்கள். ஆஸ்துமாவோ இதய நோயோ உள்ளவர்கள் அந்த அளவு வரும்வரை காத்திருக்கக் கூடாது. துணி முகமூடி நுண்துகளை நிறுத்தாது. முகத்தோடு ஒட்டி உட்காரும் என்95 நிறுத்தும், ஆனால் வாயுக்களைத் தடுக்காது. எல்லாவற்றையும்விட, பெரிய சாலைக்கு இணையாக ஒரு தெரு தள்ளிப் போனாலே புகை கணிசமாகக் குறையும்.

ஓரம் என்ற பொய்ப் பாதுகாப்பு

"ஓரத்தை விட்டு விலகுவதே இல்லை" என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு நடந்த மூன்றில் இரண்டு, அந்த ஓரத்தால்தான் நடந்தது. சைக்கிள் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் முதுகுக்குப் பின்னால் வரும் வண்டிக்கே பயப்படுகிறார்கள். நகரத்துக்குள் மோதல்கள் பெரும்பாலும் சந்திப்புகளில் நடக்கின்றன: திரும்பும் வண்டி, குறுக்கே வரும் வண்டி, பக்கத்துத் தெருவிலிருந்து மூக்கை நீட்டும் வண்டி. இந்த ஓட்டுநர்களில் பலர் சொல்வது ஒன்றேதான்: "நான் பார்க்கவே இல்லை." உண்மையாகவே பார்த்திருக்க மாட்டார்கள். ஓட்டுநரின் கண் சாலையின் நடுப்பகுதியில் தேடுகிறது. ஓரக்கல்லோடு ஒட்டி வரும் நீங்கள் நிறுத்திய கார்கள், மரங்கள், கம்பங்களின் வரிசையில் கரைந்துபோகிறீர்கள்.

லாரிக்கு வருவோம். நீளமான வண்டி திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன தடத்தில் போவதில்லை. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு போகும். அதற்கு இடம் வேண்டும் என்பதால் ஓட்டுநர் முதலில் எதிர்ப்பக்கம் ஒடித்துவிட்டு அப்புறம் திரும்புவார். நேராகப் போகிறார் என்று நினைத்து, ஓரத்தில் திறக்கும் அந்த இடைவெளிக்குள் சைக்கிள் நுழைகிறது. அடுத்த இரண்டு மூன்று நொடிகளில் இடைவெளி முன்னாலிருந்து மூடிக்கொண்டே வரும். பக்கத்தில் நிற்கும் உங்களை அவ்வளவு உயரத்தில் இருக்கும் ஓட்டுநர் கதவின் கண்ணாடி வழியே குனிந்தாலும் பார்க்க முடியாது. லண்டனில் இந்த விபத்துகளால் நொந்துபோய்த்தான், ஓட்டுநர் இருக்கையிலிருந்து நேரடியாக எவ்வளவு தெரிகிறது என்பதை வைத்துப் பெரிய லாரிகளுக்கு நட்சத்திரம் கொடுத்து, குறைந்தவற்றுக்குக் கூடுதல் பாதுகாப்புக் கருவிகளைக் கட்டாயமாக்கினார்கள். 2021இல் அமலுக்கு வந்த அந்த விதியை 2024இல் இன்னும் இறுக்கினார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது, ஆனால் பொறுமை வேண்டும். சிக்னலில் லாரி, பஸ் நின்றால் அதன் பக்கவாட்டில் ஊர்ந்து முன்னேறாதீர்கள். பின்னாலேயே, அதன் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரிகிற இடத்தில் நில்லுங்கள். முகம் தெரியவில்லை என்றால் உங்களையும் அவருக்குத் தெரியவில்லை. நீங்கள் முதலில் நின்று, லாரி வந்து பக்கத்தில் நின்றால், வெட்கப்படாமல் இறங்கி நடைபாதையில் ஏறி அதைப் போகவிடுங்கள். லாரியின் மூக்குக்கு நேர் முன்னாலும் ஓட்டுநருக்குத் தெரியாத இடம் உண்டு. முன்னால் போய் நிற்பதானால் பல மீட்டர் தள்ளி, திரும்பி அவர் கண்ணைப் பார்த்து, அவர் பார்த்தார் என்று உறுதியான பிறகு நில்லுங்கள்.

கார்க் கதவின் கணக்கு இன்னும் எளிது. முழுதாகத் திறந்த கதவு ஏறக்குறைய ஒரு மீட்டர் வெளியே வரும். உங்கள் ஹேண்டில்பாரில் பாதி 30 சென்டிமீட்டர். ஆக, கொஞ்சம் கூடுதல் இடமும் சேர்த்து, சக்கரம் போகும் கோடு காரிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். கதவு இடிப்பதைவிட, இடித்த பிறகு ஓடும் வண்டிகளின் முன்னால் விழுவதுதான் உயிரை வாங்குகிறது. கார்கள் விட்டு விட்டு நிற்கும் தெருவில் இடைவெளிகளுக்குள் போய்ப் போய் வெளியே வராமல் ஒரே நேர்கோட்டில் போங்கள். நீங்கள் காரில் போகும்போது கதவுக்குத் தூரத்தில் இருக்கும் கையால் திறந்து பழகுங்கள். உடம்பு தானாகத் திரும்பும், கண் பின்னால் வருகிறவரைப் பார்க்கும்.

கார்கள் நிற்காத சாலையில் ஓரக்கல்லிலிருந்து குறைந்தது அரை மீட்டர். கண்ணாடித் துண்டு, வடிகால் கம்பி, சரிந்த தார் எல்லாம் அந்த அரை மீட்டருக்குள்தான் கிடக்கின்றன. 3 மீட்டர் அகலத் தடம் என்றால் இன்னும் உள்ளே வாருங்கள். கண்ணாடிகளோடு சேர்த்து 2 மீட்டர் அகலமுள்ள கார், அந்தத் தடத்துக்குள் உங்களைப் பாதுகாப்பாக முந்தவே முடியாது. நீங்கள் ஓரத்தில் ஒதுங்கினால், இடம் இருக்கிறது என்று ஓட்டுநருக்குத் தப்பான சைகை காட்டுகிறீர்கள். சந்திப்பு வருமுன் ஒருமுறை திரும்பிப் பார்த்து, கை காட்டி, தடத்தின் நடுவுக்கு வாருங்கள்; தாண்டியதும் பழைய இடத்துக்குப் போங்கள். இது மெதுவான தெருக்களுக்கு மட்டும். வண்டிகள் 60 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் சாலையில் நடுவே வருவதும் ஆபத்து, ஓரமும் ஆபத்து. சைக்கிளுக்குத் தனிப் பாதை இல்லாவிட்டால் அந்தச் சாலையே வேண்டாம். 9 கிலோமீட்டர் 11 ஆனாலும் உள்தெருக்கள் வழியே போங்கள்.

எதிர்த்திசை யோசனையை மறந்துவிடுங்கள். நீங்கள் மணிக்கு 15 கிலோமீட்டர், எதிரே வரும் வண்டி 40 என்றால் மோதும் வேகம் 55. ஒரே திசையில் போனால் வித்தியாசம் 25தான். அதோடு, பக்கத்துத் தெருவிலிருந்து வெளியே வருகிறவர் போக்குவரத்து வரும் திசையைப் பார்த்துத்தான் வண்டியை எடுப்பார். உங்கள் பக்கம் அவர் தலை திரும்பாது. நடைபாதையில் ஓட்டுவதிலும் இதே சிக்கல் ஒவ்வொரு வாசலிலும் வரும். பல நாடுகளில் அது குற்றமும்கூட.

மழையும் பிரேக்கும்

மணிக்கு 16 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 4.4 மீட்டர். ஆபத்தைக் கண்டு கை இறுகுவதற்குள் ஒரு நொடி போய்விடும். காய்ந்த சாலையில் மேலும் 3 மீட்டரில் நிற்பீர்கள். மொத்தம் 7 மீட்டர் சொச்சம். சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரப்பர் பிரேக் என்றால், மழையில் முதல் ஓரிரு சுற்றுகள் தண்ணீரைத் துடைப்பதிலேயே போகும். ஒரு சுற்று 2 மீட்டருக்கு மேல். மொத்தத் தூரம் 12, 13 மீட்டர் ஆகிவிடும். மழையில் அடிக்கடி பிரேக்கை லேசாகத் தொட்டு விளிம்பைத் துடைத்துக்கொண்டே போங்கள்.

நீங்கள் விழுந்ததற்குக் காரணம் இரும்பு மூடியும் பிரேக்கும் சேர்ந்தது. நனைந்த இரும்பு, வெள்ளைக் கோடு, இலைச் சருகு இவற்றின் மேல் மூன்று செய்யக் கூடாது: பிரேக், திருப்பம், அழுத்தி மிதித்தல். முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, நேராக, மிதிக்காமல் உருண்டு தாண்டுங்கள். தண்டவாளம் குறுக்கிட்டால் முடிந்தவரை செங்குத்தாக, 60 பாகைக்குக் குறையாமல் கடக்க வேண்டும். சாய்வாகப் போனால் டயர் பள்ளத்தில் மாட்டும்.

நிறுத்தும் பலத்தில் பெரும்பங்கு முன்பிரேக்கில் இருக்கிறது. எந்தக் கைப்பிடி முன்பிரேக் என்பது நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் சைக்கிளில் பார்த்து வையுங்கள். அடிபட்ட கை அந்தப் பக்கம் என்றால், முழுப் பிடி திரும்பும்வரை ஓட்டக் கூடாது என்பது இன்னும் கண்டிப்பாகிறது. அவசரத்தில் இரண்டையும் சேர்த்து, படிப்படியாக இறுக்கி, இடுப்பைச் சீட்டின் பின்னால் தள்ளுங்கள். வாரம் ஒருமுறை கைப்பிடியை முழுதாக அழுத்திப் பாருங்கள். அது ஹேண்டில்பாரைத் தொட்டால் கேபிள் தளர்ந்திருக்கிறது. ரப்பரில் உள்ள பள்ளக்கோடுகள் மறைந்திருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. டயர் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவுக்குக் காற்று இருக்க வேண்டும். பையை ஹேண்டில்பாரில் தொங்கவிடாதீர்கள். பட்டை முன்சக்கரக் கம்பிகளில் சுற்றினால் சைக்கிள் நிற்கும், நீங்கள் ஹேண்டில்பாருக்கு மேலே பறப்பீர்கள்.

இருட்டில் ஓட்ட, சைக்கிளின் முன்பக்கம் வெள்ளை, பின்பக்கம் சிவப்பு விளக்கு வேண்டும். கணுக்காலில் ஒளிரும் பட்டை கட்டுங்கள். ஏறி இறங்கும் அந்த அசைவைப் பார்த்தவுடன் அது மனிதர் என்று ஓட்டுநருக்குப் புரிகிறது. காதில் எதுவும் வேண்டாம்.

அடிபட்டால்

அடுத்த முறை விழுந்தால், எழுந்து தூசி தட்டிவிட்டு "ஒன்றுமில்லை" என்று சொல்லி யாரையும் அனுப்பிவிடாதீர்கள். அதிர்ச்சியில் வலி கொஞ்ச நேரம் தெரியாமல் போகலாம். பெரும்பாலான நாடுகளின் சட்டத்தில் சைக்கிளும் ஒரு வாகனம். 1968ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தமும் அதைத் தசைபலத்தால் ஓடும் வாகனம் என்றே வரையறுக்கிறது. ஜெர்மனி, ஸ்பெயின் போன்ற நாடுகளில் சைக்கிளை முந்தும் கார் குறைந்தது ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது சட்டம். சாலையில் யாருடைய தயவிலும் நீங்கள் ஓட்டவில்லை. வண்டி எண், இடம், நேரம், பார்த்தவர் தொலைபேசி எண், சைக்கிள் கிடந்த நிலையிலேயே ஒரு படம் ஆகியவற்றை எடுத்து, காவல்துறையில் பதியுங்கள். அன்றே மருத்துவரைப் பார்த்து, எப்படி அடிபட்டது என்று குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். இழப்பீட்டுக்கு அந்த ஒரு வரி பின்னால் பெரிதாக உதவும்.

தலையில் அடிபட்ட பிறகு கூடிக்கொண்டே போகும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, தூக்கக் கலக்கம், பேச்சுக் குழறல், வலிப்பு, ஒரு பக்கக் கை கால் பலவீனம், காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அறிகுறிக்காகக் காத்திருக்கக் கூடாது. ஹேண்டில்பாரின் முனை வயிற்றில் குத்தியிருந்தால் வெளியே சிறு வட்டத் தடம்தான் தெரியும். உள்ளே ஈரல், மண்ணீரல், கணையம் கிழிந்திருக்கலாம், வலி பல மணி நேரம் கழித்தும் வரலாம். அதை அசட்டை செய்யவே கூடாது. மண் படிந்த காயத்தில் கற்பொடி தங்காமல் கழுவுங்கள். கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டு 5 ஆண்டு ஆகியிருந்தால் மறுபடி போட வேண்டும்.

எலும்பு மருத்துவர் அனுமதி தந்த பிறகு நேராக வேலைநாள் நெரிசலில் இறங்காதீர்கள். ஒரு விடுமுறைக் காலையில் உள்தெருப் பாதையை முழுதாக ஓட்டிப் பாருங்கள், கணவரும் கூட வரட்டும். அதற்கு முன், கட்டோடு வீட்டில் இருக்கும் நாள் ஒன்றில், இருவரும் அந்த லாரி திரும்பிய சந்திப்புக்கு நடந்து போய் நடைபாதையில் உள்ளே தள்ளி நில்லுங்கள். பத்து நிமிடத்தில் நான்கைந்து பெரிய வண்டிகளாவது திரும்பும். முன்சக்கரத்தைப் பார்க்காமல் பின்சக்கரத்தை மட்டும் பாருங்கள். அன்றைக்கு நீங்கள் நின்றிருந்த இடத்தின் மேல் அது எப்படி ஏறிப் போகிறது என்று உங்கள் கணவருக்கும் காட்டுங்கள்.